தலையணைக்கு ஒப்பாரி

என் பெயர் அமல்ராஜ். ஆவடியில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், மாதா கோயில் தேர், சாவு என்று எல்லாவற்றுக்கும் என் பெட்டிகள்தான் போகும். நான் வளர்ந்தது தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். ஒழுங்காகப் படித்திருந்தால் அப்பாவைப் போலவே உள்ளே போய் உட்கார்ந்திருக்கலாம். படிக்கவில்லை, விடுங்கள். நான் சொல்ல வந்தது அஞ்சலையைப் பற்றி. அவளைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை. அவள் குரலைக் கேட்டுச் சொக்கிப் போனவர்கள் உண்டு. இந்தக் குரலுக்குக் கீழே ஒரு வயிறும் மனசும் இருக்கின்றனவா என்று எட்டிப் பார்த்தவர்கள் கிடையாது. அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

அஞ்சலை முத்தாபுதுப்பேட்டைக்காரி. சாவு வீட்டில் ஒப்பாரி பாடுகிறவள். நாற்பதைத் தொட்டிருப்பாள், ஒல்லியான உடம்பு, வாய் திறக்காதவரை அவள் இருப்பதே தெரியாது. அவளுடைய அம்மா செத்த அன்று பாட வேண்டிய பெண்கள் வேறொரு சாவுக்குப் போய்விட்டார்கள். பொணம் பாட்டில்லாமல் மொட்டையாகப் போகக்கூடாது என்று அஞ்சலையே தலைமாட்டில் உட்கார்ந்து ஆரம்பித்தாளாம். அப்போது அவளுக்குத் தாவணி போடுகிற வயது. தங்கச்சி நிஷா இடுப்பில் இருந்தாள். அப்பன் என்று ஒருவன் இருந்தான், காரியம் முடிந்ததும் கிளம்பிப் போனவன் திரும்பவில்லை. அன்றைக்குத் திறந்த வாயை வைத்துத்தான் அஞ்சலை தங்கச்சியை வளர்த்தாள். பால் பவுடரிலிருந்து ப்ளஸ் டூ வரைக்கும் எல்லாம் அந்த வாய் போட்ட சோறுதான்.

சாவு வீட்டில் என் மைக்கைப் பிடித்துப் பாடுகிறவர்கள் எத்தனையோ பேர். அஞ்சலை மாதிரி ஒருத்தியை நான் பார்த்ததில்லை. வந்ததும் கத்த மாட்டாள். யார் போனது, என்ன பெயர், யாரை விட்டுவிட்டுப் போனது என்று வீட்டுப் பெண்களிடம் மெதுவாகக் கேட்பாள். பெயர் தெரியாமல் வாயைத் திறக்கவே மாட்டாள். ஒரு தடவை பட்டாபிராம் பக்கம் ரயிலில் அடிபட்ட ஒருவரை அடக்கம் செய்தபோது ஊர்க்காரர்கள் பாடச் சொன்னார்கள். பெயர் தெரியாது என்று மறுத்துவிட்டாள். ஏம்மா, புண்ணியமாகப் போகட்டுமே என்று நானே கேட்டேன்.

“பேரு கட்டாம பாடக் கூடாதுண்ணா. ஆள் இல்லாத பாட்டு ஆளத் தேடிக்கினு போவும்” என்றாள். “உசுரோட கீறவங்க பேரயும் சொல்லக் கூடாது. அது அதோட மோசம்.”

நான் நம்பினேனா என்று கேட்காதீர்கள். அவள் நம்பினாள்.

நிஷா படிப்பு முடித்து, பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனிக்கு பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். அதே பஸ்ஸில் வந்த தினகரனைப் பிடித்துப் போயிற்று. வேப்பம்பட்டுப் பையன். நல்ல பையன்தான், அம்மாவுக்கு எதிரே நின்று பேசத் தெரியாத நல்ல பையன். கல்யாணத்துக்கு நான்தான் செட் போட்டேன், காசு வாங்கவில்லை. அஞ்சலை தாய் ஸ்தானத்தில் நின்று எல்லாம் செய்தாள். அவள் என்ன தொழில் செய்கிறாள் என்று மாப்பிள்ளை வீட்டுக்கு அப்போது தெரியாது. தெரிந்தது கொஞ்ச நாள் கழித்து, நிஷா முழுகாமல் இருந்தபோது.

தினகரனின் அம்மா லோகநாயகி பத்திரகாளி மாதிரி ஆடினாள். அந்தம்மாவைத் திட்டத்தான் எனக்கு வாய் வருகிறது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். லோகநாயகியின் பெரிய மகனுக்குப் பிறந்த குழந்தை ஒரு வயது முடிவதற்குள் ஜுரத்தில் போய்விட்டது. அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடியது அவள்தான். போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அந்த பயம் அவளை விட்டு இறங்கவே இல்லை.

“அந்த வாய் என் ஊட்டு வாசல்ல கூட தொறக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டாள்.

வளைகாப்புக்கு அஞ்சலைக்கு அழைப்பு இல்லை. குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பெண் குழந்தை, தீபிகா என்று பெயர் வைத்தார்கள். அதையும் அவள் போனில்தான் தெரிந்துகொண்டாள். அப்புறம் நிஷாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். கடைக்குப் போகிறேன் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேப்பம்பட்டு ஸ்டேஷனுக்கு வருவாள். அஞ்சலை ஆவடியிலிருந்து வண்டி ஏறிப் போய் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். ரெண்டு வண்டி வந்து போகிற நேரம் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சுவாள். பிறகு இவள் ஆவடி வண்டிக்கு, அவள் வீட்டுக்கு. ஸ்டேஷன் படியைத் தாண்டி அஞ்சலை ஊருக்குள் காலை வைத்தது கிடையாது.

எப்படியோ தினகரன் ஒரு நாள் வாயைத் திறந்து அம்மாவிடம் பேசினான். குழந்தைக்குத் தை மாதம் காது குத்த வேண்டும், குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். நிஷாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. லோகநாயகி யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள்.

“தாய்மாமன் இல்லாத ஊட்டுக்கு அவதான் தாய்மாமன். ஒத்துக்கிறேன். ஆனா காது குத்துற வரைக்கும் எந்தச் சாவுலயும் அவ வாய் தொறக்கக் கூடாது. அந்தத் தீட்டெல்லாம் போவட்டும். அப்பால வந்து புள்ளைய மடியில வச்சிக்கட்டும்.”

அஞ்சலை என் கடைக்கு ஓடிவந்து இதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டே அழுதாள். “ஊட்டுக்குள்ள கூப்ட்டாங்கண்ணா! மடியில வச்சிக்கச் சொல்லிட்டாங்க!” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்றோடு பாட்டை விட்டாள்.

விடுவது என்றால் சும்மாவா? எதிர் வீட்டில் குப்பம்மா செத்தபோது தெருவே அஞ்சலை வாசலில் வந்து நின்றது. நிஷா கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்குப் பால் கொடுத்தவள் குப்பம்மா. அஞ்சலை கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு டிவியைச் சத்தமாக வைத்துவிட்டாள். நன்றி கெட்டவள் என்று தெருவில் காறித் துப்பினார்கள். மறுநாள் நான் போனபோது கீழுதடு வீங்கி இருந்தது. பாட்டு வெளியே வராமலிருக்கக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பிழைப்புக்குப் பருத்திப்பட்டு ஏரிக்கு எதிரே இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்தாள். படிக்கட்டு கழுவுவது, லிஃப்ட் துடைப்பது. அங்கே இருக்கிறவர்கள் பெரும்பாலும் ஐடி கம்பெனி ஆட்கள், மதுரை, கரூர், தஞ்சாவூர் என்று எல்லா ஊரிலிருந்தும் வந்து கடன் போட்டு வீடு வாங்கியவர்கள். நல்ல மனிதர்கள்தான். பொங்கல் வந்தால் மட்டும் அவர்களுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும், உடனே ஒரு விழா வைக்காவிட்டால் தூக்கம் வராது.

அந்த வருடம் விழாவுக்கு ‘நம்ம மண்ணு, நம்ம பாட்டு’ என்று பெயர் வைத்தார்கள். ஏற்பாடு செய்தவர் கலைக் குழுச் செயலாளர் கிருபாகரன். கரூர் பக்கத்துக்காரர், வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும், ஜிப்பா போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டே இருப்பார். செல்போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, எவனோ என்றைக்கோ எடுத்துப் போட்டிருந்த அஞ்சலையின் ஒப்பாரி வீடியோ அவர் கண்ணில் பட்டுவிட்டது. தினமும் தன் வீட்டு வாசலைத் துடைக்கிறவள் இவளா என்று அசந்து போனார்.

“நீங்க எவ்ளோ பெரிய ஆர்ட்டிஸ்ட்டுங்க! இங்க வந்து மாப் போட்டுட்டு இருக்கீங்க. நம்ம குழந்தைங்களுக்கு நீங்கதான் பாட்டுச் சொல்லித் தரணும்” என்றார்.

அஞ்சலை பயந்துவிட்டாள். “சார், தாலாட்டு பாடுறேன், கும்மி பாடுறேன். ஒப்பாரி மட்டும் வேணாம் சார். ஊட்டுல ஒரு நல்ல காரியம் வருது” என்றாள்.

“அதெல்லாம் பாத்துக்கலாங்க” என்றார் அவர்.

இந்த ‘பாத்துக்கலாம்’ என்ற வார்த்தை இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவனைக் கட்டி வைத்து உதைக்க வேண்டும்.

அஞ்சலைக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். காது குத்து அடுத்த வாரம். அதற்கு முன்னால் நாலு பேர் பார்க்கக் குழந்தைகளுக்குத் தாலாட்டுப் பாடினாள் என்றால் லோகநாயகிக்கும் நல்லதாகப் படுமே என்று கணக்குப் போட்டாள். “படம் புடிச்சி நிஷாவுக்கு அனுப்புண்ணா. அவ மாமியாருக்குக் காட்டட்டும்” என்று என்னிடம் சொல்லி வைத்தாள். பாப்பாவுக்குப் பட்டுப் பாவாடை எடுத்துவிட்டாள். காது குத்துக்கு அதே ஜரிகை நிறத்தில் தனக்கும் ஒரு புடவை.

விழா அன்று சாயங்காலம் நான் பெட்டி இறக்கும்போது பார்த்தேன். வாசலில் ஒரு மாட்டு வண்டி நின்றது. ஜனங்கள் வரிசையில் நின்று அதில் ஏறி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கம்பங்கூழைப் பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுத்தார்கள். மேடைக்குப் பின்னால் ஃபிளெக்ஸ், அதில் அஞ்சலையின் முகம், கீழே ‘தாலாட்டு முதல் ஒப்பாரி வரை’ என்று கொட்டை எழுத்து. அதைப் பார்த்ததும் அஞ்சலைக்கு முகம் செத்துவிட்டது. கிருபாகரனிடம் போய் மறுபடியும் சொன்னாள். சும்மா டைட்டில்தாங்க, நீங்க டென்ஷன் ஆகாதீங்க என்று அவர் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மேடையில் ஜமக்காளம் விரித்து, பிள்ளைகள் சுற்றி உட்கார, நடுவில் அஞ்சலை. முதலில் பிள்ளைகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். அப்புறம் தாலாட்டை எடுத்தாள்.

ஏரித் தண்ணி தூங்கயில என் கண்ணு நீ தூங்கு
எலுமிச்சம் பூ தூங்கயில என் பொன்னு நீ தூங்கு
காதுக்குக் கம்மலிட காத்திருக்கா பெரியம்மா
கண்ணத் தொறக்கும் முன்ன கை நெறைய வந்திடுவா

பெரியம்மா என்று அவள் பாடியபோது யாருக்காகப் பாடுகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைகளை ராராரோ சொல்லச் சொன்னாள், சொன்னார்கள். அப்புறம் எழுந்து நின்று கும்மி. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் கை தட்டித் தட்டிக் குனிந்து நிமிர்ந்து, அக்கா இன்னொன்னு, அக்கா இன்னொன்னு என்று அவள் புடவையைப் பிடித்து இழுத்தார்கள். அஞ்சலை வாய்விட்டுச் சிரித்தாள். இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் பல்வரிசை முழுசாக அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதை மட்டும் என் போனில் பிடித்தேன். அத்தோடு முடிந்திருக்கலாம். என் கையிலிருந்த பட்டனை அணைத்துவிட்டு, மாலை மரியாதை என்று வீட்டுக்குப் போயிருக்கலாம்.

கிருபாகரன் இன்னொரு மைக்கோடு மேடை ஏறினார். “குட்டீஸ், அடுத்து ரொம்ப ஸ்பெஷல். ஒப்பாரி! நம்ம ஊர்ல ஒருத்தங்க இறந்துட்டா அவங்கள எப்படிப் பாடி வழியனுப்புவாங்கன்னு இப்ப அக்கா காட்டப் போறாங்க!”

அஞ்சலை என்னைத்தான் பார்த்தாள். நான் கீழிருந்தே கத்தினேன். “சார், அந்தம்மா வேணான்னுதே! வுட்ருங்க சார்!”

“அமல், நீங்க சவுண்ட மட்டும் பாருங்க.”

அஞ்சலை எழுந்து அவரிடம் போய் மெதுவாகச் சொன்னாள். “சார், பொணம் இல்லாம பாடக் கூடாது சார்.”

மனிதன் என்ன செய்திருக்க வேண்டும்? சரிம்மா என்று விட்டிருக்க வேண்டும். இந்த ஆளுக்கு அது மறுப்பாகவே கேட்கவில்லை. புதுசாக ஒரு பாரம்பரியம் கிடைத்த மாதிரி முகம் பூரித்துப் போய் மைக்கில் சொன்னார். “கேட்டீங்களா? இதுதாங்க ஐதீகம்! பாடி இல்லாம பாட மாட்டாங்களாம். நாம ஒரு பாடி ரெடி பண்ணலாமா?”

பண்ணலாம் என்று பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். யாரோ வீட்டிலிருந்து நீளமான திண்டுத் தலையணை வந்தது. வெள்ளை வேட்டியைச் சுற்றினார்கள். மாட்டு வண்டியில் கட்டியிருந்த மாலையைக் கழற்றி அதன்மேல் போட்டார்கள். ஒருத்தர் தன் கூலிங் கிளாஸைக் கழற்றி மாட்டிவிட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குக் காது சுட்டது. எத்தனை பிணங்களின் பக்கத்தில் பெட்டி வைத்தவன் நான். செத்தவர்களைப் பார்த்துச் சிரித்த கூட்டம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

அஞ்சலை கடைசியாக ஒரு தடவை முயற்சி செய்தாள். “பேரு வேணும் சார். பேரு இல்லாம முடியாது.” இதைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள், பாவி மகள்.

“விக்ரம்!” என்று கத்தினான் கிஷோர் என்றொரு பையன். “விக்ரம் செத்துட்டான்!” என்று மற்ற பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். விக்ரம் அவர்களுடைய கூட்டாளி. ரெண்டாம் கிளாஸ் படிக்கிற வாலு. அவனே மேடைக்கு ஓடிவந்து, தலையணைக்குப் பக்கத்தில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டான். அவனுடைய அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“எழுந்திரு கண்ணு. சாமி, எழுந்திரு” என்று அஞ்சலை அவனை வாரித் தூக்கினாள். அவன் நெற்றியை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். அதற்குள் கிருபாகரன் மைக்கில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு விளையாட்டாக ஆரம்பித்துவிட்டார்.

“ஐயோ விக்ரமு... எங்கள விட்டுப் போனியே விக்ரமு...”

நான் ஓடிப்போய் அவர் மைக்கை அணைப்பதற்குள் அஞ்சலை தன் மைக்கை எடுத்துவிட்டாள். பின்னால் நான் கேட்டபோது அவள் சொன்ன காரணம் இது: பெயர் விழுந்துவிட்டது, அப்படியே விட்டால் அந்தப் பிள்ளைமேல் நிற்கும், வேறொரு பெயரைப் போட்டு மூட வேண்டும். வேறு யார் பெயரைப் போடுவது? உயிரோடு இருக்கிற வேறு எவர் பெயரையும் சொல்லக்கூடாது, செத்தவர்கள் பெயர் ஏற்கெனவே பாடி முடிந்தது. கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

தலையணையின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கூலிங் கிளாஸைக் கழற்றிக் கீழே வைத்தாள். தங்கச்சி பாடுகிற மாதிரி, செத்துக் கிடப்பது தான்தான் என்பது மாதிரி ஆரம்பித்தாள்.

எட்டூருக்குப் பாட்டெடுத்த என் அக்கா அஞ்சலையே
ஏன்னு கேக்க நாதியில்லாம எங்க போயி படுத்துகினே
பெத்தவ போன அன்னிக்கு பெத்தவளா வந்தவளே
பேரச் சொல்லி நான் அழுதா பேசாம கீறியே
தங்கச்சி ஊட்டு வாசப்படி தாண்டாத அஞ்சலையே
தாண்டாத வாசலுக்கு உன்ன தூக்கிகினா வருவாங்க

மாதக்கணக்கில் கடித்து வைத்திருந்த பாட்டெல்லாம் சேர்ந்து வந்தது. முதல் வரிக்குச் சிரித்தார்கள். ரெண்டாவது வரிக்குச் சிரிப்பு நின்றது. அப்புறம் ஏரிக் காற்று மைக்கில் அடிக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. விக்ரம்தான் முதலில் அழுதான். அவனைப் பார்த்துக் கிஷோர், அவனைப் பார்த்து மற்ற பிள்ளைகள். அம்மாக்கள் எழுந்து வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அஞ்சலை கண்ணைத் திறக்கவே இல்லை. பாடி முடித்து, மாலையைத் தலையணையிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கிருபாகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பவர்ஃபுல், பவர்ஃபுல் என்று பொன்னாடை போர்த்தினார்.

பெட்டி ஏற்றும்போது என் வண்டிப் பக்கம் வந்தாள்.

“அண்ணா, நான் சொன்ன சொல்ல மீறல இல்ல? சாவுல பாடலையே. தலகாணிக்குத்தானே பாடினேன்?”

“ஆமாம்மா. வெளயாட்டுக்குத்தானே. போய்த் தூங்கு” என்றேன்.

மறுநாள் காலையில் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் வெட்டுக்குத்து. குழந்தைகள் ராத்திரி அலறி எழுந்தார்களாம், இந்த அபசகுனத்தை யார் அனுமதித்தது என்று கேள்வி. அனுமதித்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. துடைப்பம் பிடித்தவளை மட்டும் இனி வர வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார்கள். கிருபாகரன் எனக்குப் போன் செய்து, எனக்கே கஷ்டமா இருக்கு அமல் என்றார். இருக்கட்டும், நல்லா இருக்கட்டும் என்று வைத்துவிட்டேன்.

ஆனால் அஞ்சலைக்கு அந்த வேலை போனது பெரிதாகப் படவில்லை. யாரோ வீடியோவை வெட்டி ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள். நான் எடுத்த தாலாட்டை நிஷாவுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒப்பாரி தினகரன் போனுக்குப் போய்விட்டது. சின்னப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்க, நடுவில் வெள்ளைத் துணி போர்த்திய ஒன்று, அதன் தலைமாட்டில் அஞ்சலை. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அஞ்சலை போன் செய்தால் நிஷா எடுக்கவில்லை. ரெண்டு நாள் அப்படியே போயிற்று. காது குத்துக்கு முந்தின நாள் காலையில் நிஷாவே கூப்பிட்டாள். ஸ்டேஷனுக்கு வா அக்கா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அஞ்சலை நேராக என் கடைக்கு வந்தாள். கையில் பட்டுப் பாவாடை இருந்த பை. “அண்ணா, நீயும் வா. நீ அங்கதானே இருந்தே. பொணம் ஒண்ணும் இல்ல, தலகாணிதான், அவங்கதான் வம்பு பண்ணாங்கன்னு நீ சொன்னா நம்புவாங்க. நிஷா கைல சொல்லு. முடிஞ்சா அந்தம்மா கைலயும் சொல்லு.”

கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். வண்டியில் வரும்போது முழுக்க நான் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தாள். விக்ரம் படுத்ததைச் சொல்லு, சார் அவன் பேரைப் பாடினதைச் சொல்லு, அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதான் பாடினேன்னு சொல்லு. நானும் மண்டையை ஆட்டிக்கொண்டே வந்தேன். வேப்பம்பட்டில் இறங்கி அவர்கள் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். வெயில் ஏறவில்லை. தைப் பனி இன்னும் தண்டவாளத்தின்மேல் கிடந்தது.

நிஷா வந்தாள். இடுப்பில் குழந்தை இல்லை. தலைமுடியைப் பின்னாமல் கொண்டை மாதிரி சுருட்டியிருந்தாள். அதிலிருந்து தண்ணீர் சொட்டி ஜாக்கெட் முதுகெல்லாம் நனைந்திருந்தது. எங்களுக்கு எதிரே வந்து நின்றாள், உட்காரவில்லை.

நான் எழுந்து, ஒத்திகை பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். “இன்னா நடந்துச்சின்னா நிஷா, அது பொணமே இல்ல, தலகாணி...”

“தெரியும்ண்ணா. எல்லாந்தான் தெரியும்” என்றாள். அக்காவைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “அத்த கைல நானும் சொன்னேன். அவங்க கேக்கல. ‘உங்க அக்காவே பேரு வச்சி பாடிக்கினா. தங்கச்சி வாயால அழுதுட்டா. இனிமே அவ செத்தவதான். செத்தவள ஊட்டுக்குக் கூப்பிட்டு புள்ளைய மடியில வைக்க முடியுமா? அவள தல முழுகிட்டு ஆவற வேலயப் பாரு’ன்னாங்க. முடியாதுன்னேன். ‘அப்ப புள்ளைய வச்சிட்டு நீ மட்டும் அவளோட போ’ன்னு பாப்பாவ எடுத்துகினு போயி ரூம்ல கதவ சாத்திகினாங்க.”

“தினகரன் இன்னா பண்ணிக்கினு இருந்தான்?” என்று நான் கத்தினேன். பிளாட்பாரத்தில் ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“நின்னுகினு இருந்தாரு.” நிஷாவின் உதடு கோணிக்கொண்டு வந்தது. “பாப்பா உள்ள பாலுக்கு அழுவுது. நான் இன்னா பண்ணுவேன்? தலைக்கு ஊத்திக்கினேன்க்கா. கிழக்கப் பாத்து நிக்க வச்சி ஊத்துனாங்க. உன்ன முழுகிட்டேன். அத உன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வரச் சொன்னாங்க. இனிமே இங்கயும் வராதே.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அப்படியே அந்த வீட்டுக்குப் போய் நாலு கெட்ட வார்த்தையாவது கேட்டுவிட்டு வந்திருப்பேன். அஞ்சலை பக்கம் திரும்பினேன். அழுவாள், நெஞ்சில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் தங்கச்சியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெந்நியா?” என்று கேட்டாள்.

நிஷாவுக்குப் புரியவில்லை. “இன்னாது?”

“ஊத்துனது வெந்நியா, பச்சத் தண்ணியா?”

“பச்சத் தண்ணிதான்.”

“இந்தப் பனியிலயா? பால் குடுக்கிறவடீ நீ. உனக்குச் சளி கட்டிகினா அதுக்கும்ல வரும்” என்று சொல்லி, கையைப் பிடித்து இழுத்து அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தாள். பையைத் தூக்கி என்னிடம் கொடுத்தாள். நிஷாவின் கொண்டையை அவிழ்த்து, முடியை முன்னால் போட்டு, முந்தானையால் பிழிந்து பிழிந்து துடைக்க ஆரம்பித்தாள். நிஷா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அவள் தோள் ரெண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. திருவள்ளூர் போகிற வண்டி வந்து நின்றது, ஜனங்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

“போதும்க்கா. நான் போவணும்” என்றாள் நிஷா.

“இருடீ. அடியில இன்னும் ஈரம் கீது” என்று சொல்லிவிட்டு, முந்தானையில் காய்ந்திருந்த பக்கத்தைத் தேடி எடுத்தாள் அஞ்சலை.